இரண்டாவது பிரேக்

கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பது என் தொழில். பயிற்சி வண்டியில் ஓட்டுகிறவர் காலடியில் ஒரு பிரேக் இருக்கும், பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் என் காலடியில் இன்னொன்று இருக்கும். அந்த இரண்டாவது பிரேக்கை நம்பி இருபத்திரண்டு வருஷமாக எல்லோரையும் முதல் நாளே மெயின் ரோட்டுக்குக் கூட்டிப்போகிறேன். காலி மைதானத்தில் வாரக்கணக்காக வட்டமடிக்க வைக்கிற வாத்தியார்களைப் பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். லாரியும் பஸ்ஸும் ஹாரன் அடிக்கிற இடத்தில் தள்ளிவிட்டால் கையும் காலும் தானாக வேலை செய்யும் என்பது என் கட்சி. பாதிப் பேர் அழுவார்கள், மீதிப் பேர் என்னைத் திட்டுவார்கள். கடைசியில் எல்லோரும் லைசென்ஸ் வாங்கிவிடுவார்கள்.

என் அக்காவும் ஒரு வகையில் வாத்தியார்தான். வாதம் வந்தவர்களுக்கும் இடுப்பு எலும்பு முறிந்தவர்களுக்கும் மறுபடி நடக்கக் கற்றுக்கொடுக்கிற வேலை. அவளிடம் வருகிறவர்கள் முதல் வாரம் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து பாதத்தைத் தரையில் வைத்துப் பார்ப்பார்கள், அவ்வளவுதான். அப்புறம் நிற்பார்கள். அப்புறம் இரண்டு கம்பிகளுக்கு நடுவே ஓர் அடி. அவள் வாயில் வருகிற ஒரே வார்த்தை 'போதும், நாளைக்கு' என்பதுதான். எனக்கோ அந்த வார்த்தையைக் கேட்டாலே தலை சூடாகும்.

நான் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்துத் தோற்றுப்போன ஒரே ஆளும் அவள்தான். பதினைந்து வருஷத்துக்கு முன்னால், மூன்றாம் நாளே, நின்றுகொண்டிருந்த ஒரு தண்ணீர் லாரியின் பின்னால் போய் மோதிவிட்டாள். பிரேக் என்று நினைத்து ஆக்ஸிலரேட்டரை மிதித்துவிட்டாள் என்று அத்தானிடம் சொன்னேன். அதற்குப் பிறகு குடும்பத்தில் யார் கூடினாலும் அந்தக் கதையைச் சொல்லிச் சிரிப்போம். அக்காவும் கூடச் சிரிப்பாள். ஆனால் ஸ்டியரிங்கை அவள் மறுபடி தொடவே இல்லை.

போன வருஷம் அத்தான் இறந்துபோனார். அவர்களுக்குப் பிள்ளைகள் கிடையாது. எனக்குக் கல்யாணமே கிடையாது. நேரம் கிடைக்கவில்லை என்று சொல்லிக்கொள்வேன், யாரும் சம்மதிக்கவில்லை என்பது வேறு விஷயம். மூன்று அறை உள்ள வீட்டில் நானும் ஒரு நாயும் மட்டும் இருந்தோம். அக்காவை வரச்சொல்லி எட்டு மாதம் நச்சரித்தேன். 'உனக்கு வயசாகுது, தனியா இருக்காதே' என்று அவளிடம் சொன்னாலும், உண்மையில் தனியாக இருக்க முடியாமல் தவித்தது நான்தான். வாசலில் என் செருப்புக்குப் பக்கத்தில் இன்னொரு செருப்பு கிடக்க வேண்டும் என்று ஆசையாக இருந்தது.

அக்கா ஒரே ஒரு நிபந்தனை போட்டாள்.

"ஊசி வந்தாத்தான் நான் வருவேன். உன் நாயால அவளுக்கு ஒண்ணு ஆச்சுன்னா ஒரு நாள்கூட அங்க இருக்க மாட்டேன். அப்புறம் கோவிச்சுக்காதே, இப்பவே சொல்லிட்டேன்."

ஊசி என்பது அவளுடைய பூனை. சாம்பல் நிறம், ஒல்லி, கண்ணும் நகமும் கூர்மை. அத்தான் படுக்கையில் கிடந்த கடைசி நான்கு மாதமும் அவர் நெஞ்சின் மேலேயே படுத்துக் கிடந்த பூனை அது. அவர் போன பிறகு அந்த வீட்டில் அக்காவோடு மூச்சுவிட்டுக்கொண்டிருந்த இன்னொரு ஜீவன்.

என் நாயின் பெயர் மேனேஜர். நாள் முழுக்க சோபாவில் சாய்ந்துகொண்டு மற்றவர்கள் வேலை செய்வதை மேற்பார்வை பார்ப்பதால் வந்த பெயர். முப்பது கிலோ எடை, பழுப்பு நிறம், கோழிக்குஞ்சுக்குக்கூடக் கெடுதல் நினைக்காத மனசு. ஆனால் எது ஓடினாலும் பின்னால் ஓட வேண்டும். பந்து ஓடினாலும் சரி, காகிதம் ஓடினாலும் சரி.

அக்கா ஒரு சூட்கேஸோடும், கயிறு கட்டிய நான்கு அட்டைப்பெட்டிகளோடும், பூனைக் கூடையோடும் வந்து இறங்கினாள். பூனை நேராகப் பின்னறைக்குள் போனது, கதவு சாத்தப்பட்டது. பெட்டிகளை ஹாலின் ஓரத்தில் அடுக்கினோம்.

"இதைப் பிரிக்கலையா?" என்றேன்.

"இவங்க ரெண்டு பேருக்கும் ஒத்துவருதான்னு பாத்துட்டுப் பிரிக்கிறேன். என்ன அவசரம்?"

மறுநாள் காலையிலேயே பாடம் தொடங்கிவிட்டது. ஒரு துண்டால் பூனையின் கன்னத்தைத் துடைத்து மேனேஜரின் சாப்பாட்டுத் தட்டுக்கு அடியில் விரித்தாள். இன்னொரு துண்டால் நாயைத் துடைத்துப் பூனையின் அறையில் போட்டாள். சாப்பாட்டு நேரத்தில் மூடிய கதவுக்கு அந்தப்புறம் ஆறடி தள்ளிப் பூனைக்குத் தட்டு, இந்தப்புறம் ஆறடி தள்ளி நாய்க்குத் தட்டு. அடுத்தவர் வாசனை வரும்போதெல்லாம் வாய்க்கு ருசியாக ஏதாவது கிடைக்கும் என்று இரண்டுக்கும் புரிய வேண்டுமாம். தினமும் தட்டை ஒரு சாண் நகர்த்துவாள். இரண்டில் ஒன்று சாப்பிடாமல் கதவையே முறைத்தால் மறுநாள் தட்டு பழைய இடத்துக்குப் போய்விடும்.

சமையலறைச் சுவரில் ஒரு தாள் ஒட்டி எழுதிவைத்தாள். 'மே. நாலடி. முழுசா சாப்பிட்டான். ஊ. நாலடி. பாதி.'

"இதென்ன வார்டா? ரெண்டு பேருக்கும் டெம்பரேச்சரும் எடுத்துட வேண்டியதுதானே?" என்றேன்.

"உன்கிட்ட படிக்கிறவங்களுக்கு எடுத்துப் பாரு. பாதிப் பேருக்குக் காய்ச்சல் இருக்கும்."

"ரெண்டையும் ஒரே ரூம்ல விட்டா அரை மணி நேரத்துல முடிஞ்சுடும்கா. ஒரு தடவை உர்ருனு சொல்லும், ஒரு அறை வாங்கும், அப்புறம் ராசியாயிடும்."

அக்கா தட்டைக் கழுவிக்கொண்டே சொன்னாள். "விழுந்தவங்களை எழுப்பி நிக்கவைக்கிறது பெரிய வேலை இல்லடா. கால் ஆறிடும். பயம் ஆறாது. ஒரு தடவை அவசரப்பட்டு விழவச்சுட்டா அப்புறம் கம்பியை விடவே மாட்டாங்க. அதனாலதான் முதல் தடவை விழாமப் பாத்துக்கிறேன்."

மூன்றாவது வாரம் கதவு இரண்டு விரல் அளவுக்குத் திறந்தது. நான்காவது வாரம் தெருமுனைத் தச்சரிடம் சொல்லி மரச்சட்டத்தில் கம்பிவலை அடித்த ஒரு குட்டிக் கதவு செய்து பின்னறை வாசலில் மாட்டினோம். நெஞ்சுயரம், ஹால் பக்கத்தில் ஒரு கொக்கி. இப்போது இரண்டும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டே சாப்பிட்டன. மேனேஜர் தன் பாயில் உட்கார்ந்தால்தான் தட்டு வரும், எழுந்தால் தட்டு போய்விடும். நான் நான்கு வருஷமாக 'உட்கார்' என்று கத்தியும் கேட்காத நாய், அக்கா விரலைத் தாழ்த்தினாலே உட்கார்ந்தது.

சும்மா சொல்லக்கூடாது, எனக்கும் அந்த விளையாட்டு பிடித்துப்போயிற்று. வகுப்பு முடிந்து வந்ததும் முதலில் சுவரில் இருக்கும் தாளைத்தான் பார்ப்பேன். ஐந்தாவது வாரம் ஊசி வலைக்கு இரண்டடி தள்ளி உட்கார்ந்து, நாய்க்கு முதுகைக் காட்டிக்கொண்டு தன் காலை நக்கியது. பூனை பயமில்லாமல் முதுகைக் காட்டினால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று என்று அக்கா சொன்னாள். அன்றைக்கு நாங்கள் இருவரும் வெகுநாள் கழித்து வயிறு வலிக்கச் சிரித்தோம். எதற்கென்று இப்போது ஞாபகம் இல்லை.

ஆறாவது வாரம் ஒரு புதன்கிழமை, பக்கத்து ஊரில் ஒரு மருத்துவ முகாமுக்கு அக்கா போக வேண்டியிருந்தது. சாயங்காலம் திரும்பிவிடுவாள்.

"வலைக்கதவைத் திறக்காதே. தட்டு ரெண்டு அடியில இருக்கட்டும். இன்னும் மூணு வாரம் போனா அவனை வார்ல பிடிச்சுக்கிட்டு ஒரே ரூம்ல உட்கார வச்சுப் பாக்கலாம்" என்றாள்.

"சரிம்மா தாயே, கிளம்பு."

அவள் போன பிறகு ஹாலில் உட்கார்ந்திருந்தேன். காலை வகுப்புக்கு வர வேண்டியவர் வரவில்லை. எதிரே நான்கு பெட்டிகள். அவள் வந்து நாற்பது நாள் ஆகியும் ஒரு கயிறுகூட அவிழவில்லை. துவைத்த துணியைக்கூட சூட்கேஸிலேயே மடித்து வைத்தாள். விருந்தாளி மாதிரி இருக்கிறாளே என்று எனக்கு உள்ளுக்குள் குறையாகவே இருந்தது. அவள் சாயங்காலம் வரும்போது நாயும் பூனையும் ஒரே பாயில் படுத்திருக்க வேண்டும், அதைப் பார்த்த கையோடு அவள் கத்தரிக்கோலை எடுத்துக் கயிறுகளை வெட்ட வேண்டும். இதுதான் என் திட்டம். கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை. அதனால்தான் இன்னும் கேவலமாக இருக்கிறது.

மேனேஜரின் கழுத்தில் வாரை மாட்டினேன். கொக்கியைத் திறந்தேன். இரண்டு தட்டுகளையும் ஹால் நடுவில் நான்கடி இடைவெளியில் வைத்தேன்.

முதல் பத்து நிமிஷம் நான் ராஜா. நாய் பாயில் உட்கார்ந்தது. பூனை வாசற்படியில் நின்று வெகுநேரம் யோசித்துவிட்டு, வயிற்றைத் தாழ்த்திக்கொண்டு வெளியே வந்தது. தட்டிலிருந்து ஒரு மீன் துண்டை எடுத்தது. மேனேஜரின் வால் தரையைப் பெருக்கியதே தவிர அது எழுந்திருக்கவில்லை. இவ்வளவுதானே, இதற்கா மூன்று வாரம் என்று நினைத்தேன். இதைப் படம் எடுத்து அக்காவுக்கு அனுப்பினால் அவள் முகம் எப்படிப் போகும் என்று தோன்றியது.

படம் எடுக்க இரண்டு கையும் வேண்டியிருந்தது. வாரைத் தரையில் போட்டு வலது காலால் மிதித்துக்கொண்டேன்.

யாராக இருந்தாலும் வாரை மணிக்கட்டில் சுற்றியிருப்பார்கள், நாற்காலியிலாவது கட்டியிருப்பார்கள். எனக்குக் காலில்தான் நம்பிக்கை. எத்தனையோ தடவை அந்த வலது கால்தான் என்னையும் பிறரையும் காப்பாற்றியிருக்கிறது. கால் மிதித்திருக்கிறது என்றால் என் மூளை நிம்மதியாக வேறு வேலை பார்க்கப் போய்விடும்.

கையிலிருந்த போன் அலறியது. வகுப்புக்கு வராதவர்தான், மன்னிப்புக் கேட்கக் கூப்பிட்டிருந்தார். சத்தம் கேட்டுப் பூனை துள்ளி ஓடியது. ஓடுவதைப் பார்த்ததும் மேனேஜரும் பாய்ந்தது. வழவழப்பான தரையில் என் செருப்புக்கு அடியிலிருந்து வார் உருவிக்கொண்டு போனது. நான் இன்னும் அழுத்தி மிதித்தேன், அங்கே ஒன்றும் இல்லை.

நாய் கடிக்கவில்லை. அதற்கு அது விளையாட்டு. ஆனால் பூனைக்கு அது தெரியுமா? திரைச்சீலையில் ஏறி, அது கிழிந்து விழ, சோபாவுக்கு அடியில் புகுந்து, அங்கேயும் நாயின் மூக்கு வர, அலறிக்கொண்டு பின்னறைக்குள் ஓடி பீரோவின் மேல் ஏறிவிட்டது. அப்படி ஒரு குரல் பூனைக்கு உண்டென்று எனக்கு அன்றுவரை தெரியாது. பீரோவின் கதவு நெடுக ஒரு ரத்தக் கோடு இருந்தது. முன்னங்காலில் ஒரு நகம் வேரோடு பிய்ந்திருந்தது.

பீரோவுக்குக் கீழே நின்று இரண்டு மணி நேரம் கெஞ்சினேன். இறங்கவில்லை. கதவைத் துடைத்தேன், திரையை மாட்டினேன், தட்டுகளைக் கழுவினேன், கொக்கியைப் போட்டேன். போனில் பதிவாகியிருந்த படத்தை அழித்தேன். அக்கா உள்ளே வந்தபோது என் வாயில் பதில் தயாராக இருந்தது.

"மேனேஜர் வலைக்கதவைத் தாண்டிக் குதிச்சுட்டான்கா. நான் குளிச்சிட்டு இருந்தேன்."

"தாண்டினானா?"

"ஆமா. நான் வர்றதுக்குள்ள எல்லாம் ஆயிடுச்சு."

அக்கா ஸ்டூலைப் போட்டு ஏறி, பூனையைத் துண்டில் சுற்றி இறக்கி, டாக்டரிடம் தூக்கிப்போனாள். திரும்பி வந்த பிறகு மேனேஜரின் பக்கத்தில் குனிந்து கழுத்தைத் தடவிக்கொடுத்தாள். அப்புறம் வாரை எடுத்து வாசல் கதவுக்குப் பின்னால் இருக்கும் ஆணியில் மாட்டினாள். எதையும் அதனதன் இடத்தில் வைத்தால்தான் அவளுக்கு நிம்மதி, நான் அதைக் கவனிக்கக்கூட இல்லை.

அடுத்த பதினொரு நாளும் ஊசி பீரோவின் மேலேயே இருந்தது. அக்கா ஸ்டூலில் உட்கார்ந்து கையால் ஊட்டினாள். சுவரிலிருந்த தாளில் எதுவும் எழுதவில்லை. நான் பெரிய நியாயவாதி மாதிரி மேனேஜரைக் கொல்லைப்புறத் தூணில் சங்கிலி போட்டுக் கட்டினேன். தண்டனையாம். தன் பாய் இருக்கும் திசையைப் பார்த்துக்கொண்டு அது படுத்திருக்கும். நான் கிட்டப் போனால், செய்யாத குற்றத்துக்கு மன்னிப்புக் கேட்பது போல வாலை ஆட்டும்.

அக்கா இரண்டு தடவை கேட்டாள். முதல் தடவை, மூன்றாம் நாள் காலையில் டீ குடிக்கும்போது.

"அன்னிக்கு வேற ஏதாவது நடந்துச்சா?"

"இல்லக்கா. சொன்னேனே."

இரண்டாம் தடவை, பத்தாவது நாள்.

"நல்லா யோசிச்சுச் சொல்லு. அவன் தானாத்தான் தாண்டினானா?"

எனக்குக் கோபம் வந்துவிட்டது. பொய் சொல்கிறவனுக்குத்தான் சீக்கிரம் கோபம் வரும். "என்னை என்ன கேக்கறே? போய் நாயைக் கேளு" என்று எரிந்து விழுந்தேன். அக்கா டம்ளரை எடுத்துக்கொண்டு எழுந்து போனாள்.

மறுநாள், வேலை செய்யும் இடத்துக்குப் பக்கத்திலேயே ஒற்றை அறை வீடு ஒன்று பார்த்திருப்பதாகச் சொன்னாள். நான் நாயை யாருக்காவது கொடுத்துவிடுகிறேன் என்றேன்.

"வேண்டாம். அவன் மேல தப்பில்ல. நாய்னா ஓடத்தான் செய்யும்" என்றாள். பிறகு நான்கு பெட்டிகளையும் பார்த்துவிட்டு, "பிரிக்காதது நல்லதாப் போச்சு" என்றாள்.

நான்தான் பயிற்சி வண்டியில் பெட்டிகளை ஏற்றிக் கொண்டுபோய் இறக்கினேன். பின்சீட்டில் பூனைக் கூடையை மடியில் வைத்துக்கொண்டு அக்கா உட்கார்ந்திருந்தாள். நான் வாழ்க்கையிலேயே அவ்வளவு மெதுவாக ஓட்டியதில்லை.

திரும்பி வந்து மேனேஜரை அவிழ்த்துவிட்டேன். அது சாப்பாட்டு நேரத்துக்குத் தன் பாயில் போய் உட்கார்ந்தது. சமையலறையில் தட்டை வைத்தேன், வரவில்லை. வலைக்கதவைப் பார்த்தபடி, முதுகை நிமிர்த்திக்கொண்டு உட்கார்ந்தே இருந்தது. தட்டைப் பாய்க்கு முன்னால் கொண்டுபோய் வைத்த பிறகுதான் சாப்பிட்டது. தின்று முடித்துக் காலி அறையையே பார்த்தது. மறுநாளும் அப்படித்தான். அதற்கடுத்த நாளும் அப்படித்தான். அந்த நாய் பாடத்தைக் கற்றுக்கொண்டுவிட்டது. ஒரு நாளைக்கு இரண்டு வேளை அதைப் பார்த்துக்கொண்டு சாப்பிட என்னால் முடியவில்லை.

இரண்டு மாதம் தாக்குப்பிடித்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அக்கா வீட்டுக்குப் போனேன். அட்டைப்பெட்டிகளைக் காணவில்லை. அத்தானின் படம் சுவரில் இருந்தது, புத்தகங்கள் அலமாரியில் இருந்தன. கட்டிலுக்கு அடியிலிருந்து ஊசியின் முகம் மட்டும் எட்டிப்பார்த்தது. என்னைக் கண்டதும் உள்ளே போய்விட்டது.

டீயை வாங்கி வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னேன். கொக்கியைத் திறந்தது நான், வாரை மிதித்துக்கொண்டு நின்றது நான், போனில் இருந்த படத்தை அழித்தது நான். எங்கும் நிறுத்தாமல் சொல்லி முடித்தேன்.

"தெரியும்" என்றாள் அக்கா.

"எப்படி?"

"நான் வந்தப்ப மேனேஜர் கழுத்துல வார் தொங்கிட்டு இருந்துச்சு. வீட்டுக்குள்ள அவனுக்கு யாருடா வார் போடுவாங்க? நான்தான் கழட்டி ஆணியில மாட்டினேன். உன் கண்ணு முன்னாடிதான்."

நான் டம்ளரைக் கீழே வைத்தேன்.

"தெரிஞ்சும் ஏன்கா கேக்கல?"

"ரெண்டு தடவை கேட்டேனே. நீயா சொல்லுவேன்னு பதினொரு நாள் பாத்தேன். நான்தான் திறந்தேன்கான்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, மறுபடி முதல் நாள்லேருந்து ஆரம்பிச்சிருப்பேன். மூடின கதவு, ஆறடி தூரம். எனக்கு அது ஒண்ணும் கஷ்டம் இல்ல. விழுந்தவங்களை வச்சுத்தானே எனக்குப் பொழப்பு."

அக்கா குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் தேவலை.

"அன்னிக்கும் பிரேக் உன் காலுக்கடியிலதான்டா இருந்துச்சு" என்றாள்.

நாயைப் பற்றிச் சொல்கிறாள் என்று ஒரு கணம் நினைத்தேன். இல்லை, லாரியைப் பற்றிச் சொன்னாள். பதினைந்து வருஷத்துக்கு முன்னால், அவள் சரியாகத்தான் பிரேக்கை மிதித்தாள். புதுசு என்பதால் அழுத்தம் போதவில்லை. மீதியை மிதிக்க வேண்டியவன் நான். நான் அப்போது ஜன்னல் பக்கம் திரும்பி, எதிர்ச்சாரியில் போன வேறொரு பயிற்சி வண்டியின் வாத்தியாரைப் பார்த்துக் கேலியாகக் கையாட்டிக்கொண்டிருந்தேன். அத்தான் கேட்டபோது அவள் காலின் மேல் பழியைப் போட்டேன். அவளுக்கு அது மறந்துபோயிருக்கும் என்று நினைத்தேன். எனக்கே பாதி மறந்துவிட்டிருந்தது.

"அப்பவே ஏன் சொல்லல?"

"எல்லாரும் சிரிச்சீங்க. தம்பிதானேன்னு நானும் சிரிச்சேன்." அக்கா என் டம்ளரை எடுத்து ஆறிய டீயைக் கொட்டிவிட்டு வேறு ஊற்றிக் கொடுத்தாள். "அப்ப என் மேல போட்டே, போகட்டும். இப்ப வாயில்லாத ஜீவன் மேல போட்டுட்டு அதையே கட்டிவேற போட்டே பாரு. அதை என்னால பாத்துக்கிட்டு இருக்க முடியல."

"திரும்ப வந்துடுக்கா. நீ சொல்றபடி செய்யறேன். மூணு மாசம் ஆனாலும் சரி."

அக்கா கட்டிலுக்கு அடியில் குனிந்து பார்த்தாள். "போன வாரம்தான் மூஞ்சியை வெளியில நீட்ட ஆரம்பிச்சிருக்கா. இனிமே இவளை எங்கயும் தூக்கிட்டுப் போக மாட்டேன். நீ வேணா ஞாயித்துக்கிழமை வந்து போ."

கிளம்பும்போது, வெட்கத்தை விட்டு, பூனையைத் துடைத்த துண்டு ஒன்று இருந்தால் தரச்சொல்லிக் கேட்டேன். மேனேஜருக்கு என்றேன். அவள் ஏன் என்று கேட்கவில்லை. கட்டிலுக்கு அடியில் கிடந்ததை உருவி, மடித்து, ஒரு பையில் போட்டுக் கொடுத்தாள்.

வீட்டுக்கு வந்து தட்டுக்கு அடியில் அந்தத் துண்டை விரித்தேன். மேனேஜர் மூக்கை அதில் புதைத்து வெகுநேரம் முகர்ந்தது. வால் மெதுவாக ஆடியது. பிறகு பாய்க்குப் போய், வலைக்கதவைப் பார்த்து, அக்கா சொல்லிக்கொடுத்தபடி ஒழுங்காக உட்கார்ந்தது. நான் விரலைத் தாழ்த்தவே இல்லை. பாடத்தின் அடுத்த அடிக்காக அது காத்திருந்தது. அதன் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, "நீ ஒண்ணும் பண்ணலடா, நான்தான் திறந்தேன்" என்று சொன்னேன். அது என் பக்கம் திரும்பவில்லை, கதவையே பார்த்துக்கொண்டிருந்தது.